தூத்துக்குடில இருந்து காலைல கிளம்பி ராத்திரி வீடு திரும்புற மாதிரி எங்கெங்க போலாம்? வயசானவங்களும் குழந்தையும் கூட வாராங்க

நொய்யல்கரை – வெள்ளி, இரவு 9.40

வணக்கமுங்க. வேலை மாத்தலாகி ஈரோட்டுல இருந்து தூத்துக்குடி வந்து எட்டு மாசம் ஆச்சுங்க. இத்தன நாளா பீச் ரோடு, பனிமய மாதா கோயில், முயல் தீவு, ஒரு தடவ திருச்செந்தூர், அவ்வளவுதான், வேற எங்கயும் போகல. அரையாண்டு லீவுக்கு அப்பா அம்மா வாராங்க, பத்து நாள் இருப்பாங்க. அப்பாவுக்கு 67, நல்லா நடப்பார், எதப் பாத்தாலும் நின்னு படிச்சுப் பாக்கற ஆளு. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது, ஆனா கோயில்னா எப்படியாச்சும் வந்துருவாங்க. கூட ஏழு வயசுப் பொண்ணு. கார் இருக்குங்க. ராத்திரி வெளிய தங்க முடியாது, அம்மாவோட மருந்து, சாப்பாடு எல்லாம் பாக்கோணும், அதனால காலைல போயிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துரணும். மூணு நாள் ஒதுக்கியிருக்கேன். நெட்ல தேடுனா ஒரே நாள்ல இருபது எடம் போட்டு லிஸ்ட் குடுக்குறாங்க, அதுல எது நம்பறதுன்னே தெரியலீங்க. ஊர்க்காரங்க சொல்லுங்க.

உப்புக்காத்து – வெள்ளி, இரவு 10.25

வாங்க தங்கச்சி. நான் இங்கனயே பொறந்து வளந்தவன், அப்பா உப்பளத்துல வேல பாத்தவரு. நான் ஒண்ணு சொல்லுதேன், அத மட்டும் பிடிச்சுக்கிடுங்க. இந்த ஊரச் சுத்தி மூணு மண்ணு இருக்கு. தெக்க போனீங்கன்னா கடக்கரையும் செம்மண் தேரியும். மேக்க போனா தாமிரபரணி ஆத்தங்கரை, வயலும் வாழையுமா இருக்கும். வடக்க போனா கரிசக்காடு. ஒரு நாளைக்கு ஒரு மண்ணுன்னு வச்சுக்கிடுங்க, கலக்காதீங்க. லிஸ்ட் போடுறவங்க மணப்பாட்டையும் கழுகுமலையவும் ஒரே நாள்ல போடுவாங்க, அது ரெண்டும் ஊருக்கு எதிர் எதிர் திசை, நாள் பூரா கார்லயே உக்காந்து வயசானவங்களுக்கு இடுப்பு வலிதான் மிச்சம்.

அடுத்து மத்தியான வேளை. இந்தப் பக்கம் கோயில் பூராம் பன்னெண்டு மணி வாக்குல நடை சாத்திருவாங்க, மறுபடி திறக்க சாயங்காலம் ஆயிரும். அதனால அஞ்சரைக்கெல்லாம் வண்டி எடுத்துருங்க. பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் எங்க சாப்பிடுறது, எங்க நிழல்ல கால் நீட்டுறதுன்னு முன்கூட்டியே முடிவு பண்ணி வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா அமையும்.

தேரிமண் – வெள்ளி, இரவு 11.02

அண்ணாச்சி சொன்னது அப்படியே சரி. நான் சாத்தான்குளம் பக்கம், இப்ப பம்பாய்ல இருக்கேன், வருஷத்துக்கு ஒரு தடவதான் ஊருக்கு வாறது, அதனால நான் சொல்லுறதுல கொஞ்சம் ஏக்கமும் சேந்திருக்கும் பாத்துக்கிடுங்க.

தெக்க போற நாளுக்கு என் யோசனை. தூத்துக்குடில இருந்து முள்ளக்காடு, பழையகாயல் வழியா போனா ரெண்டு பக்கமும் உப்பளம், காலை வெயில்ல அம்பாரம் அம்பாரமா குமிச்சு வச்சிருக்கிறது கண்ணு கூசும். முக்காணி ஆத்தூர் கிட்ட தாமிரபரணியத் தாண்டுவீங்க, அங்க வண்டிய ஓரங்கட்டி பாப்பாவ எறக்கி ஆத்தக் காமிங்க, பொதிகை மலைல பொறந்த ஆறு இன்னும் கொஞ்ச தூரத்துல புன்னைக்காயல்ல கடல்ல சேந்துரும், கடைசி நடை அது. ஆத்தூர் வெத்தல பேரு கேட்டிருப்பீங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்கிச்சு, அந்தக் கொடிக்கால் எல்லாம் இந்தத் தண்ணிலதான். அப்புறம் ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர். மொத்தமே நாப்பது கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வரும்.

திருச்செந்தூர் ஏற்கனவே பாத்தாச்சுன்னா இந்தத் தடவ விட்டுருங்க. மார்கழில ஐயப்ப சாமிமாரும் பாதயாத்திரைக்காரங்களும் சேந்து கூட்டம் நெரியும், முழங்கால் வலியோட வரிசைல நிக்க வைக்காதீங்க. நேரா குலசேகரன்பட்டினம், உடன்குடி, மணப்பாடுன்னு போங்க. குலசைல முத்தாரம்மன் கோயில் இருக்கு, தசராவுக்கு பத்து நாளும் ஊர் ஊரா காளி வேஷம், குறவன் வேஷம், போலீஸ் வேஷம்னு நேந்துக்கிட்டு வேஷம் கட்டி வீடு வீடா காணிக்கை வாங்கி வந்து கோயில்ல சேப்பாங்க, கடைசி நாள் ராத்திரி கடக்கரைல சூரசம்ஹாரம், அந்த நேரம் கால் வைக்க எடம் இருக்காது. இப்ப போனா அமைதியா இருக்கும், அம்மா நிதானமா கும்பிடலாம். இந்த ஊர்லதான் இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரில அடிக்கல் நாட்டுனாங்க.

அப்புறம் எங்க தேரி. அத நாளைக்கு எழுதுதேன், இப்ப ஆரம்பிச்சா முடிக்க மாட்டேன்.

அலைவாய் – சனி, காலை 6.15

நான் மணப்பாடு. எங்க ஊருக்கு வாறவங்களுக்கு கொஞ்சம் விவரம்.

கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற மணல் குன்று மேல திருச்சிலுவை ஆலயம் இருக்கு, 1581ல கட்டுனது. அதுக்கு முன்னாடி 1542ல புனித சவேரியார் வந்து இங்க ஒரு குகைல தங்கியிருந்தார், அந்தக் குகை குன்றோட கடல் பக்கம் இன்னும் இருக்கு, உள்ள ஒரு கிணறு, மூணு பக்கமும் உப்புக்கடல் இருக்க அந்தக் கிணத்துல நல்ல தண்ணி ஊறுது. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாள், அன்னிக்கு எந்தெந்த ஊர்ல இருந்தோ சனம் வரும். குன்று மேல நின்னா ஒரு பக்கம் திறந்த கடல், இன்னொரு பக்கம் கழிமுகம், கீழ வரிசையா படகுங்க, கொழும்புல வியாபாரம் பண்ணுன குடும்பங்க அந்தக் காலத்துல கட்டுன பெரிய பெரிய வீடுங்க தெருவுல இருக்கு, பாதி வீடு பூட்டிக்கெடக்கு, பாக்க மனசு கஷ்டமா இருக்கும்.

ரெண்டு விஷயம் கேட்டுக்கிடுதேன். குகை ஜெபம் பண்ணுற எடம், அங்க போய் சத்தம் போட்டு வீடியோ எடுக்காதீங்க. அடுத்து, எங்க கடல் பாக்க குளம் மாதிரி தெரியும், அலைச்சறுக்கு பண்ண வாறவங்க படத்தப் பாத்துட்டு நீச்சல் தெரியாதவங்களும் எறங்கிருதாங்க. முனைக்குப் பக்கத்துல நீரோட்டம் இழுக்கும். பொண்ண கழிமுகப் பக்கம் ஆழமில்லாத எடத்துல கால் நனைய விடுங்க, அதுவும் எங்க ஆளு யாரையாச்சும் கேட்டுட்டு. நாங்க கடல்ல பொழைக்கிறவங்க, நாங்களே காத்து பாத்துத்தான் எறங்குதோம்.

அம்மாவுக்கு குன்று ஏற முடியலைன்னா கவலைப்படாதீங்க, அடிவாரத்துல இருந்தே எல்லாம் தெரியும்.

நொய்யல்கரை – சனி, காலை 8.30

ரொம்ப நன்றிங்க அண்ணா. கண்டிப்பா சத்தம் போடாம இருப்போம், பாப்பாகிட்டயும் சொல்லி வச்சுர்றேன். தேரின்னா என்னங்க? எங்க பக்கம் அப்படி ஒரு வார்த்தையே கேட்டதில்ல.

தேரிமண் – சனி, பகல் 1.45

தேரின்னா செம்மணல் குன்று தங்கச்சி. காத்து அடிச்சு அடிச்சு சேத்த மணல், ரத்தச் செவப்பு. குதிரைமொழி, காயாமொழி, நாலுமாவடி, சாத்தான்குளம் சுத்துவட்டாரம் பூராம் கெடக்கு. காத்து காலத்துல மேடு எடம் மாறும், நேத்து இருந்த பாதை இன்னிக்கு இருக்காது. மேல பனையும் கொல்லாமரமும் உடைமரமும் நிக்கும். முந்திரிய நாங்க கொல்லாமரம்னுதான் சொல்லுவோம். அந்த மணலுக்கு நடுவுல மேலப்புதுக்குடில அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கு, அங்க ஒரு சுனை. சுத்தி கண்ணுக்கு எட்டுன தூரம் வறண்ட செம்மண், நடுவுல மட்டும் பச்சையா மரக்கூட்டம், கீழ தண்ணி. எத்தன தடவ போனாலும் எனக்கு உள்ள போனதும் சத்தம் அடங்கிரும். காயாமொழி பக்கம் கற்குவேல் அய்யனார் கோயிலும் இருக்கு, அங்க கார்த்திகைல கள்ளர் வெட்டுன்னு திருவிழா நடக்கும், வெட்டு முடிஞ்சதும் அந்தத் தேரி மண்ண அள்ளிட்டுப் போய் வீட்டுலயும் வயல்லயும் போடுவாங்க.

மத்தியானம் தேரில செருப்பில்லாம கால் வைக்க முடியாது, கொப்புளம் வந்துரும். சாயங்காலம் நாலரைக்கு மேல போங்க. பாப்பா அந்த மணல்ல உருளட்டும், செவப்புக் கறை சட்டைல இருந்து நாலு தொவைக்கும் போகாது, பழைய சட்டை போட்டுக் கூட்டிட்டுப் போங்க. இருட்டுறதுக்குள்ள தார் ரோட்டுக்கு வந்துருங்க.

உடன்குடில கருப்பட்டி வாங்குவீங்கல்ல, ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. பதநீ எறக்குறது மாசி பங்குனிக்கு மேலதான் மும்முரம், டிசம்பர்ல புதுக் கருப்பட்டி கிடைக்காது, போன சீசன்ல காச்சி புகைல இருப்பு வச்சதுதான் இருக்கும், அது தப்பில்ல, நல்லாவே இருக்கும். ஆனா ரோட்டோரமா ரொம்ப மலிவா குடுத்தா யோசிங்க, சீனி கலந்து காச்சுறது நெறய நடக்கு. எங்க தாத்தா நாளைக்கு ரெண்டு வேளை முப்பது பனை ஏறுனவரு, அந்த உழைப்புக்கு மலிவு வெலை கட்டாது. சுக்கும் ஏலமும் போட்ட சில்லுக்கருப்பட்டி கிடைச்சா அப்பாவுக்கு வாங்குங்க. இந்த மாசத்துக்குன்னு பாத்தா பனங்கிழங்குதான், அவிச்சு கட்டு கட்டா விப்பாங்க, நார் உரிச்சு திங்கச் சொல்லுங்க.

அப்படியே நேரம் இருந்தா முதலூர் மஸ்கோத் அல்வா. தேங்காப்பால்ல செய்யுறது, கறுப்பா, வாயில வச்சா வழுக்கிட்டுப் போகும்.

பேருந்துப்பிரியன் – சனி, மாலை 4.20

குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். நான் இங்க காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கேன், கார் பைக் எதுவும் கிடையாது. இதெல்லாம் பஸ், ட்ரெயின்ல முடியுமா?

உப்புக்காத்து – சனி, மாலை 5.05

ஏன் முடியாது தம்பி. திருச்செந்தூருக்கு பஸ் அடிக்கொண்ணு ஓடுது, அங்க எறங்கி மணப்பாட்டுக்கு மாறிக்கிடலாம். ஆத்தங்கரைக்கு ரயிலே இருக்கு. திருநெல்வேலி – திருச்செந்தூர் பாசஞ்சர்ல ஏறினா செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம்னு எல்லா ஊரும் ஜன்னல் வழியா வரும், அந்த லைன்ல ஒரு தடவ போறதே ஒரு டூர்தான். தூத்துக்குடில இருந்து நெல்லைக்கு ரயில்ல போனா மணியாச்சி வழியா போவ, 1911 ஜூன் 17 வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது அந்த ஸ்டேஷன்லதான், ஸ்டேஷனுக்குப் பேரே வாஞ்சி மணியாச்சி. பிளாட்பாரத்துல எறங்கி ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போ.

தேரிக்கு மட்டும் தனியா பஸ்ல போகாத, திரும்ப வண்டி கிடைக்காது. ஊர்க்கார நண்பன் யாரையாச்சும் சேத்துக்க.

ஆத்தங்கரை – சனி, இரவு 8.50

ஸ்ரீவைகுண்டத்துல இருந்து எழுதுறேன். மேக்க போற நாளப் பத்தி நான் சொல்லலாமா? அம்மாவுக்குக் கோயில் பிடிக்கும்னு சொன்னதால நவதிருப்பதின்னு எல்லாரும் சொல்லப் போறாங்க. ஒன்பது பெருமாள் கோயில் ஆத்துக்கு ரெண்டு கரையிலயும். வேன்காரங்க ஒரே நாள்ல ஒன்பதும் காட்டுறேன்னு கூட்டிட்டு வாராங்க, எங்க கோயில் வாசல்ல நான் பாக்குறேனே, கொடிமரம் வரைக்கும் ஓடி வந்து ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்ததுக்கு நேரமாச்சுன்னு ஓடுறாங்க, வயசானவங்க மூச்சு வாங்கிக்கிட்டு வண்டிலயே உக்காந்துக்குறாங்க. அது தரிசனமே இல்லீங்க அக்கா. வைகுண்ட ஏகாதசி வேற நெருங்குது, கூட்டம் கூடிரும்.

நாலு போதும். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, திருக்கோளூர். எல்லாம் பக்கம் பக்கம். ஆழ்வார்திருநகரில நம்மாழ்வார் இருந்த புளியமரம் இருக்கு, உறங்காப்புளின்னு சொல்லுவோம், பதினாறு வருஷம் அதுக்கடில பேசாம இருந்து அப்புறம் மதுரகவியாழ்வார் கேட்ட கேள்விக்குத்தான் வாய் திறந்தாருன்னு சொல்லுவாங்க. அந்த மதுரகவி பொறந்த ஊரு திருக்கோளூர். அதனால ரெண்டையும் அதே காலைல பாத்தா அம்மாவுக்கு ஒரு கதையா மனசுல நிக்கும். தென்திருப்பேரை பெருமாள் பேரு மகர நெடுங்குழைக்காதர், அந்தப் பேரச் சொல்லிப் பாருங்க, சொல்லுறதே சுகம். கோயில் பிரகாரம் எல்லாம் பெரும்பாலும் சமதரைதான், அம்மா நடந்துக்குவாங்க.

மத்தியானம் நடை சாத்தினதும் ஆதிச்சநல்லூர் போங்க, பழங்காலத்துல செத்தவங்கள தாழிங்கிற பெரிய மண்பானைல வச்சுப் பொதச்ச எடம். ரோட்டோரமே.

விரைவுப்பயணம் – சனி, இரவு 9.30

ஆதிச்சநல்லூர் போனேன், ஒண்ணுமே இல்ல, பொட்டல் காடு, குழிக்குள்ள உடைஞ்ச பானை. அதுக்குப் பதிலா குற்றாலம் போலாமே, நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஒரே நாள்ல போயிட்டு வந்துரலாம்.

ஆத்தங்கரை – சனி, இரவு 10.10

அண்ணே, கோவப்படாம கேளுங்க. அந்தப் பொட்டல் காட்ட நாங்க பரம்புன்னு சொல்லுவோம், 114 ஏக்கர். 1876ல ஜெர்மனில இருந்து யாகோர்னு ஒருத்தர் வந்து தோண்டி எடுத்ததெல்லாம் பெர்லினுக்குப் போயிருச்சு. அப்புறம் 1899ல இருந்து அலெக்சாண்டர் ரீயா தோண்டுனாரு, தங்கப் பட்டம், வெண்கலத்துல கோழி, நாய், எருமை உருவம் வச்ச சாமான், இரும்பு ஈட்டி, அதெல்லாம் சென்னை எழும்பூர் மியூசியம் போச்சு. 2004ல மறுபடி தோண்டுனப்ப நூத்தி அறுவதுக்கு மேல தாழி கிடைச்சுது. நூறு வருஷமா எங்க ஊரு சாமான் எல்லாம் வேற ஊர்ல போய் கண்ணாடிக்குள்ள இருக்கு, எங்களுக்கு மிச்சம் பொட்டல் மட்டும்தான் இருந்துச்சு. 2023 ஆகஸ்ட்லதான் தோண்டுன குழிய அப்படியே விட்டு மேல கண்ணாடித் தரை போட்டு அங்கனயே காட்ட ஆரம்பிச்சாங்க. இப்ப அந்தக் கண்ணாடி மேல நின்னு குனிஞ்சு பாத்தா காலுக்கு நேர் கீழ ஒரு மனுஷன் கூடவே வச்சுப் பொதச்ச சோத்துப் பானையோட தாழிக்குள்ள இருக்கான். நான் மொத தடவ பாத்தப்ப அழுதுட்டேன். அவன் குடிச்சதும் இதே ஆத்துத் தண்ணிதானே.

பக்கத்துல சிவகளைல கிடைச்ச இரும்பு கி.மு. 3345 வரைக்கும் போகுதுன்னு 2025 ஜனவரில அரசாங்கம் ஆய்வு முடிவு வெளியிட்டுச்சு. ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லாதீங்க அண்ணே, இன்னொரு தடவ வாங்க, நானே கூட வந்து காட்டுறேன்.

உப்புக்காத்து – சனி, இரவு 10.40

குற்றாலம் இப்ப வேண்டாம். சீசன்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சாரல் அடிக்கிற நாள். வடகிழக்கு மழை நேரத்துல திடீர்னு தண்ணி பெருகும், குளிக்கத் தடை போட்டுருவாங்க, நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வரணும். ஆடில போங்க.

விரைவுப்பயணம் – ஞாயிறு, காலை 7.00

சரிங்க அக்கா. நான் போனது மதிய வெயில்ல, மியூசியம் திறக்குறதுக்கு முன்னாடி வருஷம். தப்பா சொல்லிட்டேன். மறுபடி போறேன்.

கரிசல்காடு – ஞாயிறு, காலை 9.15

வடக்க யாருமே எழுதலயே, நான் கோவில்பட்டிக்காரன் சும்மா இருக்க முடியுமா.

தூத்துக்குடில இருந்து கிளம்பி மொத ஒட்டப்பிடாரம். வ.உ.சி பொறந்த வீடு நினைவில்லமா இருக்கு. 1906ல தூத்துக்குடில சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு கொழும்புக்குக் கப்பல் விட்டவரு, ஜெயில்ல செக்கு இழுத்தவரு. தூத்துக்குடி ஹார்பருக்கு அவரு பேருதானே, அதனால பாப்பாவுக்குச் சொல்ல லேசா இருக்கும். பக்கத்துலயே பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் கோட்டைய வெள்ளக்காரன் இடிச்சு தரைமட்டமாக்கிட்டான், இப்ப நிக்குறது 1974ல கட்டுன நினைவுக்கோட்டை. பழைய அடித்தளம் கொஞ்சம் தெரியும், ஜக்கம்மா கோயில் இருக்கு. கோட்டையப் பாத்து ஏமாறாதீங்க, வெளிய வந்து அந்த வெட்டவெளியப் பாருங்க, மலை இல்ல, ஆறு இல்ல, மறைய எடமில்ல, இந்த மண்ணுல நின்னு எப்படி எதுத்தாங்கன்னு அப்பத்தான் புரியும்.

அப்புறம் எட்டயபுரம். பாரதி பொறந்த வீடு, மணிமண்டபம் ரெண்டும் நடந்து போற தூரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835ல காலமானதும் இங்கதான், சமாதி இருக்கு. சீறாப்புராணம் பாடுன உமறுப்புலவர் அடங்குனதும் இதே ஊரு. ஒரு சின்ன ஊருக்குள்ள மூணு பேரு பாருங்க! உங்க அப்பா நின்னு படிக்கிறவர்னு சொன்னீங்க, அவருக்கு இந்த நாள்தான்.

சாயங்காலம் கழுகுமலை. வெட்டுவான் கோயில். மலைய மேல இருந்து கீழ வெட்டி எறக்கிக் கோயிலா செதுக்குனது, எட்டாம் நூற்றாண்டு பாண்டியர் வேல, கோபுரம் முடிஞ்சுது, கீழ அடிப்பகுதி முடிக்காம விட்டுட்டாங்க. முடிக்காததுனாலதான் எப்படி வெட்டுனாங்கன்னு நமக்குத் தெரியுது. உச்சில உமையோட சிவன் உக்காந்து பேசிக்கிட்டிருக்கிறதும் மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியும் பாக்காம எறங்காதீங்க. அதுக்கு அந்தப் பக்கம் பாறை பூரா சமணத் தீர்த்தங்கரர் வரிசை, ஒவ்வொண்ணுக்கும் கீழ வட்டெழுத்துல செஞ்சு குடுத்தவங்க பேரு. அதுல குரத்தியார்னு பெண் ஆசிரியர்கள் பேரும் வரும். ஆயிரத்து எரநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க பொம்பளைங்க பாடம் சொல்லிக் குடுத்திருக்காங்க, உங்க பொண்ணுக்கு அத மறக்காமக் காட்டுங்க.

படி இருக்கு, அம்மா ஏற முடியாது. கீழ கழுகாசலமூர்த்தி கோயில், அதுவும் குடவரை, முருகன். அம்மா அங்க உக்காந்துக்கட்டும். நாலு மணிக்கு ஏறுங்க, பாறை சூடு கொஞ்சம் எறங்கியிருக்கும். தண்ணி கொண்டு போங்க. திரும்புற வழில கோவில்பட்டில கடலைமிட்டாய், 2020ல புவிசார் குறியீடு வாங்குனது, கரிசல் நிலக்கடலை.

வெளிமான் – ஞாயிறு, பகல் 12.10

பறவை, மான் பாக்குறவங்க யாருமில்லையா? நெல்லை ரோட்டுல வல்லநாடு வெளிமான் சரணாலயம், 1987ல அறிவிச்சது. புல்வாய்னு சங்கப் பாட்டுல வார மான், தமிழ்நாட்டுல இயற்கையா இருக்கிற தெற்குக் கோடி எடங்கள்ல இது ஒண்ணு. காலைல சீக்கிரம் போனாத்தான் தெரியும், ஒம்பது மணிக்கு மேல புதருக்குள்ள போயிரும். வனத்துறைல கேட்டுட்டு போங்க.

இன்னொண்ணு நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். அந்த ஊர்க்காரங்க பறவைகளுக்காக வெடி போட மாட்டாங்க, வீட்டுக் கொல்லைல இருக்கிற மரத்துல கூடு கட்டுனாலும் விரட்டுறதில்ல, குஞ்சு கீழ விழுந்தா எடுத்து வளப்பாங்க. வரித்தலை வாத்து இமயமலையத் தாண்டி வந்து இந்தக் குளத்துல எறங்குது. இந்த டிசம்பர்ல அவ்வளவா இருக்காது, ஜனவரி கடைசிக்கு மேல போங்க. அதுவரைக்கும் தூத்துக்குடி உப்பளத்துலயே பூநாரை நிக்குதான்னு பாருங்க, பல பேரு தினம் அந்த வழியா வேலைக்குப் போவாங்க, தல தூக்கிப் பாக்குறதில்ல.

நொய்யல்கரை – ஞாயிறு, இரவு 9.00

எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டேனுங்க. மொத நாள் ஆத்தங்கரை, ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் கரிசல், அப்புறம் கடக்கரை தேரி. ஒரு சந்தேகம், 2023 வெள்ளத்துல பாலம் எல்லாம் போச்சுன்னு சொன்னாங்களே, ரோடு இப்ப சரியா இருக்குதுங்களா?

ஆத்தங்கரை – ஞாயிறு, இரவு 9.45

போக்குவரத்து நடக்குது அக்கா, பயமில்லாம வாங்க. ஆனா கனமழை எச்சரிக்கை வந்தா அன்னிக்கு மட்டும் கிளம்பாதீங்க. 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் வந்தா இப்பவும் தூக்கம் வராது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஏரல் பாலத்த ஆறு அரிச்சிட்டுப் போச்சு. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குப் போன ரயில் எங்க ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்லயே நின்னு போச்சு, தண்டவாளத்துக்குக் கீழ மண்ணே இல்ல, கிட்டத்தட்ட எண்ணூறு பேரு உள்ள. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரங்க அவங்க வீட்டுலயே தண்ணி நிக்கும்போது இருந்த அரிசியப் போட்டு பொங்கிக் குடுத்தாங்க. நீங்க ஸ்டேஷனத் தாண்டிப் போகும்போது பாப்பாவுக்கு அதையும் சொல்லுங்க, சரியா?

நொய்யல்கரை – ஜனவரி 3, இரவு 8.15

போயிட்டு வந்துட்டோமுங்க, மூணு நாளும். சொல்லாம இருக்க முடியல, நீளமா இருந்தாலும் படிங்க.

ஆத்தங்கரை நாள், அஞ்சே முக்காலுக்குக் கிளம்பினோம், பனி மூட்டம். நாலு கோயில் நினைச்சு மூணுதான் முடிஞ்சுது, ஏன்னா ஆழ்வார்திருநகரில அம்மா எழுந்திரிக்கவே இல்ல, புளியமரத்துக்கிட்ட உக்காந்து பாசுரம் முணுமுணுத்துக்கிட்டே ஒரு மணி நேரம். எங்க பாட்டி சொல்லிக் குடுத்ததாம், அம்மாவுக்கு அது தெரியும்னே எனக்கு இத்தன வருஷமா தெரியாதுங்க. நாங்க யாரும் கூப்பிடல. திருக்கோளூர் விட்டுப் போச்சு, பரவால்ல, அடுத்த தடவ.

ஆதிச்சநல்லூர்ல அப்பா கண்ணாடி மேல கால் வைக்க மாட்டேன்னுட்டார். செருப்பு கழட்டிட்டு ஓரமாவே நின்னு பாத்தார். பாப்பா குனிஞ்சு பாத்துட்டு, இவங்க ஏன் தாத்தா கால மடக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு கேட்டா, அம்மா வயித்துக்குள்ள இருக்கிற மாதிரின்னு அவர் சொன்னார். அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் அதையேதான் பேசிட்டு வந்தாங்க.

கரிசல் நாள் கொஞ்சம் சொதப்பிருச்சு. எட்டயபுரத்துலயே மூணு மணி ஆயிருச்சு, கழுகுமலை ஏறும்போது நாலே முக்கால், இருட்டுறதுக்குள்ள சமணப் பாறை முழுசா பாக்க முடியல. கரிசல்காடு அண்ணா, நீங்க சொன்ன மிருதங்கம் பாத்துட்டேன், ஆனா குரத்தியார் பேரு எந்தக் கல்லுன்னு கண்டுபிடிக்க முடியலீங்க. போறவங்க பாஞ்சாலங்குறிச்சியோ எட்டயபுரமோ ரெண்டுல ஒண்ணுதான் வச்சுக்கோணும் கழுகுமலையோட.

கடக்கரை நாள்தான் பாப்பாவுக்கு. மணப்பாட்டுல குகைக்குள்ள ஒரு பாட்டி மண்டி போட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தாங்க, நாங்க வாசல்லயே நின்னுட்டோம், அவங்களே எங்களக் கூப்பிட்டு கிணத்துத் தண்ணி மொண்டு குடுத்தாங்க. நெஜமாவே உப்பு இல்லீங்க. தேரில சட்டை நீங்க சொன்ன மாதிரியே ஆயிருச்சு, ரெண்டு தடவ தொவச்சாச்சு, அப்படியே இருக்கு. அத எறியக் கூடாதுன்னு சொல்லிட்டா. பனங்கிழங்கு ரெண்டு கட்டு வாங்கி அப்பா ஒருத்தரே ஒரு கட்டு முடிச்சார்.

தேரிமண் – ஜனவரி 3, இரவு 9.30

ஆபீஸ்ல உக்காந்து படிச்சேன் தங்கச்சி. கண்ணு கலங்கிட்டு. அந்தச் சட்டையத் தொவைக்காம எடுத்து வையுங்க.

கரிசல்காடு – ஜனவரி 3, இரவு 10.05

குரத்தியார் பேரு அய்யனார் கோயில் தாண்டி மேல் வரிசைல பாக்கணும்மா, வெயில் சாய்வா விழுந்தாத்தான் எழுத்து தெரியும், உச்சி வெயில்ல எதுவும் தெரியாது. அடுத்த தடவ காலைல ஏழு மணிக்கு ஏறுங்க, நான் கோவில்பட்டில இருந்து வந்துருதேன்.

பேருந்துப்பிரியன் – ஜனவரி 4, காலை 6.40

நானும் போனேன் அண்ணே, நெல்லைல இருந்து திருச்செந்தூர் பாசஞ்சர். நெல்லைக்குப் போற வழில மணியாச்சில எறங்கி நின்னேன். ஸ்ரீவைகுண்டத்துல வண்டி நின்னப்ப பக்கத்து சீட்டு ஆச்சிகிட்ட வெள்ளத்தப் பத்திக் கேட்டேன், அவங்க ஆறுமுகநேரி வர்ற வரைக்கும் பேசுனாங்க, எறங்கும்போது ரெண்டு வாழைப்பழம் குடுத்துட்டுப் போனாங்க. அடுத்து எங்க போறதுன்னு சொல்லுங்க.

வெளிமான் – ஜனவரி 4, காலை 8.00

ஜனவரி கடைசி ஞாயிறு கூந்தன்குளம் போறோம், நாலு பேரு, கார்ல ஒரு எடம் இருக்கு தம்பி. காலை நாலரைக்கு புது பஸ் ஸ்டாண்ட் வாசல். நொய்யல்கரை மேடமும் பாப்பாவும் வர்றதா இருந்தா சொல்லுங்க, பைனாகுலர் ஒண்ணு கூட எடுத்துட்டு வாரேன்.

நொய்யல்கரை – ஜனவரி 4, காலை 8.20

வர்றோமுங்க. எங்க கார்லயே வந்துர்றோம், வாகைக்குளம் டோல்கேட் தாண்டி நிக்கறோம். பாப்பாவுக்கு வரித்தலை வாத்து படம் ஒண்ணு அனுப்புங்க, அவ இப்பவே வரையணுமாம்.